தீராத வயிற்றுவலி

நரைக்கு டை தடவியாகிவிட்டது, இனி முக்கால் மணி நேரத்துக்குத் தலையைத் தொடக் கூடாது, நாற்காலியில் சாயக் கூடாது, காதோரம் அரித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுச் சலூன்காரன் பேச்சிமுத்து பிரஷ்ஷைக் கழுவப் பின்பக்கம் போனான். தெய்வநாயகம் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி, அதற்கு மேலே கருப்புக் குழம்பு அப்பிய ஒரு தலை. அறுபத்தொரு வயசில் இது தேவையா என்று அந்தத் தலை கேட்டது. நான்கு மணிக்குக் கேமராவுக்கு முன்னால் உட்கார வேண்டுமே, தேவைதான் என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார். இப்போது மணி இரண்டரை. சென்னையிலிருந்து சேனல்காரர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்களாம். துப்புத் துலங்காத சாவுகளையும் உண்மைப் பேய்க் கதைகளையும் தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள். போனில் பேசியவன் நல்ல மரியாதைக்காரன். "சார், அந்த ஆவியை நேர்ல பார்த்தவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா கேமரா முன்னாடி சொல்றேன்னு ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். அந்தப் பொண்ணோட அம்மாவையும் வரச் சொல்லியிருக்கோம் சார். அவங்க உங்க பக்கத்துல உட்கார்ந்து கேப்பாங்க" என்றான். அந்த இடத்திலாவது முடியாது தம்பி என்று சொல்லியிருக்கலாம். "சரி" என்றார். சரி சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் கிடையாது. அவர் இதுவரை செய்த தப்புகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'சரி' நிற்கும்.

அவர் கடை வாய்த்த இடம் அப்படி. போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதிக் கொடுக்கிற வேலை. யாராவது தூக்கில் தொங்கினாலோ கிணற்றில் மிதந்தாலோ தண்டவாளத்தில் கிடந்தாலோ, பிணத்தை அறுக்க அனுப்பும் முன்னால் அக்கம்பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் அதைப் பார்த்து, சாவு எப்படி வந்திருக்கும் என்று தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சாயத்தார் என்று அவர்களுக்குப் பேர். பேர்தான் பெரிசு. ஏட்டு ரோட்டைத் தாண்டி வந்து, "அண்ணாச்சி, ஒரு கையெழுத்து" என்பார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவன், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் என்று மற்ற நாலு பேர் ஆளுக்கு ஆள் மாறுவார்கள். தெய்வநாயகம் மட்டும் மாறமாட்டார். இருபத்தைந்து வருஷமாக அந்த ஊரில் இயற்கையாகச் சாகாத அத்தனை பேருக்கும் அவர் கையெழுத்து இருக்கிறது. சாவுக் கையெழுத்து என்று டீக்கடையில் அவருக்குப் பட்டமே உண்டு. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தால், "அண்ணாச்சி, மூடுங்க, எம் புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆவல" என்று யாராவது எழுந்து ஓடுவதுபோல் நடிப்பார்கள். அவரும் சிரிப்பார். பாதிக் கையெழுத்துகள் உடம்பைப் பார்க்காமலேயே போட்டவை. தொங்கியவன் தொங்கினான், இதில் பார்க்க என்ன இருக்கிறது. பார்த்தாலும், துணியை ஒரு ஓரமாகத் தூக்குவார்கள், இமைப்பதற்குள் மூடிவிடுவார்கள், எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள், வெயில் மண்டையைப் பிளக்கும், பிணத்துச் சொந்தக்காரர்கள் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று காலைப் பிடிப்பார்கள். யாருக்கும் எதையும் நின்று பார்க்க நேரம் இருக்காது. காரணம் என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் ஏட்டு அவர் முகத்தைப் பார்ப்பார், ஏனென்றால் மனு எழுதுகிறவருக்குத்தானே வார்த்தை வரும். ஆம்பளை என்றால் குடிப்பழக்கம். பொம்பளை என்றால் தீராத வயிற்றுவலி.

தீராத வயிற்றுவலி. எவன் முதலில் கண்டுபிடித்தானோ, புண்ணியவான். தமிழ்நாட்டுப் பேப்பரைத் திறந்தால் வாரத்துக்கு ஒருத்தி தீராத வயிற்றுவலியால் செத்துக்கொண்டிருக்கிறாள். மாமியார் கொடுமை, ஏமாற்றிப்போன பயல், தள்ளிப்போன நாள், எல்லாம் அந்த ஒரு வலிக்குள் அடங்கிவிடும். யார் மானமும் போகாது. வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டதும் மூச்சு விடுவதை அவரே பார்த்திருக்கிறார். அதனால் அதைப் பொய் என்று அவர் நினைத்ததே கிடையாது. செத்தவளுக்குக் கடைசியாகப் போர்த்துகிற துணிபோல அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பில்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில், கல்குவாரிக் குட்டையிலிருந்து மாரிச்செல்வியைத் தூக்கிப் போட்டிருந்தபோது, ஏட்டு சங்கரபாண்டி காகிதத்தை நீட்டி, "என்ன போடலாம் அண்ணாச்சி" என்று கேட்க, இவர் யோசிக்காமல் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், சங்கரபாண்டி கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும் என்பதால், காகிதத்தை வாங்கித் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார். முத்துமுத்தான எழுத்து. இப்போது நினைத்தாலும் அந்த 'றூ'வின் சுழி கண்ணுக்குள் வருகிறது. வயிற்றுவலியில் றூ எங்கே வந்தது? வராது, 'ற்று'தான். பார், அதைக்கூட நினைவு தப்பாக எடுத்துக் கொடுக்கிறது. இப்படியிருக்க நீ பார்த்ததாக நினைப்பதெல்லாம் பார்த்ததுதான் என்று என்ன நிச்சயம்? அதை விடு. அதை இப்போது எடுக்காதே. டை நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினால் வெள்ளைத் துணி கூடவே எழுந்தது.

"அண்ணாச்சி, ஆடாதீங்க. நெத்தியில வழிஞ்சா ஒரு வாரத்துக்குப் போவாது" என்றபடி பேச்சிமுத்து வந்து தன் தோள்துண்டால் அவர் கண்ணை ஒற்றினான். அந்த விரல்களின் சூடு இமையில் ஒரு நிமிஷம் நின்றது. மனிதர் கை தன்மேல் படுவது இந்த நாற்காலியில்தான் என்று தெய்வநாயகத்துக்கு உறைத்து வெகுநாள் ஆகிறது. பெண்டாட்டி கோமதி போய் ஆறு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. பேருந்தில் யாராவது இடித்தால் உண்டு, இல்லாவிட்டால் மாதத்துக்கு ஒரு தடவை பேச்சிமுத்துவின் கை. வளராத முடியை வெட்டிக்கொள்ள அவர் இங்கே வருவது அதற்காகத்தான் என்று பேச்சிமுத்துவுக்கும் தெரிந்திருக்கலாம், காட்டிக்கொள்ளமாட்டான், கத்தரியைச் சும்மாவாவது கொஞ்ச நேரம் காதோரம் அசைத்துவிட்டுத்தான் விடுவான். கோமதி ஆஸ்பத்திரியில் செத்தாள். காரணம் இங்கிலீஷில் எழுதியிருந்தது, இதயம் நின்றுபோனது என்று அர்த்தம். இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்? ஆனாலும் அது காரணம். அதில் மர்மம் கிடையாது. மர்மம் இல்லாத சாவு சத்தமில்லாமல் போய்விடுகிறது. யாரும் வந்து, அண்ணாச்சி, மதினியை நேத்து மார்க்கெட் ரோட்டில் பார்த்தேன் என்று சொல்வதில்லை. மாரிச்செல்வியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அவளை அவருக்கும் தெரியும். மருந்துக் கடையில் நின்ற பெண். கோமதியின் பிரஷர் மாத்திரையைக் கத்தரியால் நறுக்கிக் கவரில் போட்டு, மேலே காலை, ராத்திரி என்று எழுதித் தருவாள். ராத்திரி என்று எழுதாமல் ஒரு பிறை வரைவாள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று. இருபத்துமூன்று வயசு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பியவள் வீடு போய்ச் சேரவில்லை, வியாழக்கிழமை நாலு மைல் தள்ளிக் குட்டையில் மிதந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை. அவள் போன சைக்கிள் இன்றைக்குவரை கிடைக்கவில்லை. சைக்கிள் இல்லாமல் அவ்வளவு தூரம் எப்படிப் போனாள் என்று டீக்கடையில் ஒரு மாதம் பேசினார்கள். நீரில் மூழ்கியதால் மூச்சு நின்றது என்று அறுத்துப் பார்த்த டாக்டர் எழுதினார், மேலே தீராத வயிற்றுவலி என்று தெய்வநாயகம் எழுதியிருந்தார், இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கட்டிவிட்டார்கள், உடம்பைத் தலையோடு துணி சுற்றிக் கொடுத்தார்கள். நாலாம் மாதம் அவளுடைய அம்மா சீனியம்மாள் அவர் கடை வாசலில் வந்து நின்றாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. மனு எழுத வந்திருக்கிறாள் என்று பேப்பரை எடுத்து வைத்தார். "எம் மவளுக்கு வயித்துவலின்னு எழுதியிருக்காம்லா அண்ணாச்சி, ஸ்டேஷன்ல சொன்னாக. எனக்குத் தெரியவே தெரியாதே. ஒரே பாயில படுத்திருந்தோம். எனக்குத் தெரியாம எப்படி அவளுக்கு வலிச்சுது? மருந்துக் கடையில நின்ன புள்ள, ஒரு மாத்திரை கூடவா எடுத்துப் போடல?" என்று கேட்டாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. சந்தேகமும் இல்லை. எழுதியது கவர்மெண்டு, ஆகவே உண்மை. தான் பெற்ற பிள்ளைக்கு உயிர் போகிற வலி இருந்திருக்கிறது, பக்கத்தில் படுத்திருந்த தனக்குத் தெரியவில்லை, அதற்குத்தான் அவள் காரணம் கேட்டாள். அப்போது அவர் என்ன சொன்னார்? "சில பேர் வெளிய காட்டிக்க மாட்டாங்கம்மா" என்றார். எப்படி வாய் வந்தது? வந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள், தீர்ப்பை வாங்கிக்கொண்டு போகிறவள்போல.

அதற்குப் பிறகுதான் பேய் வந்தது. முதலில் பார்த்தவன் ஒரு லாரி டிரைவர். உச்சி வெயிலில், குட்டைக் கரையில் ஒரு பெண் முன்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம், தண்ணி கேட்டாளாம், இவன் பாட்டிலை எடுக்கத் திரும்பினால் ஆளைக் காணோமாம். பிறகு ஆடு மேய்த்தவள். பிறகு மறுவீட்டுக்குப் போன புதுமாப்பிள்ளை, அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். யார் பார்த்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கதையைக் கேட்கிறவர்கள் கையெல்லாம் அவர்களை அறியாமல் வயிற்றுக்குப் போகும். ஒருவர் கை மட்டும் போகாது. ஊரே புல்லரித்துக்கொண்டு நிற்க, தெய்வநாயகம் மட்டும் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுக்கொள்வார். அவள் ஏன் வயிற்றைப் பிடிக்க வேண்டும்? அது நான் எழுதியதல்லவா? செத்தவளுக்கு என் கையெழுத்து எப்படித் தெரியும்? ஆக லாரி டிரைவர் பொய். ஆடு மேய்த்தவள் பொய். காய்ச்சல் வெயிலால் வந்தது. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பேய் இருந்தது, பேய் உண்டு என்றால் அவரவர் அப்பன், அண்ணன், பெண்டாட்டி எல்லோரும் எங்கேயோ இருக்கிறார்கள் என்று ஆகிறது, அந்தத் தைரியத்தில் தூங்குகிறார்கள். இல்லை என்பதற்குக் கையில் சாட்சி வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். கோமதி போன பிறகு அந்தச் சாட்சி அவரைத் தின்றது. மாரிச்செல்வி செத்த இரண்டாம் வருஷம், அந்தக் கரையில் மஞ்சள் பூசி ஒரு கல்லை நட்டார்கள். வெள்ளிக்கிழமை வளையல் கட்டுகிறார்கள். வயிற்றுவலிக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து இஞ்சிச் சாறு ஊற்றிக் கும்பிடுகிறார்கள். தீருகிறதாம். செல்வியம்மன் என்று பேர்கூட வைத்தாகிவிட்டது. முதல் சொம்பு இஞ்சிச் சாறு வாரா வாரம் சீனியம்மாள் கொண்டுபோய் ஊற்றுவதுதான். உயிரோடு இருந்தபோது தராததை இப்போதாவது தருகிறேன் என்று.

ஒரு நாள் அவரும் போனார். கோமதி செத்த நாற்பதாம் நாளோ ஐம்பதாம் நாளோ, சரியான உச்சிப்பொழுதில், குடையை எடுத்துக்கொண்டு. யாரும் இல்லை. குட்டைத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. கரையில் உட்கார்ந்து, நீ வா, வயிற்றைப் பிடித்துக்கொண்டே வா, நான் எழுதியது பொய் இல்லை என்று ஆகட்டும், நீ இருந்தால் அவளும் இருப்பாள் என்று வாய்விட்டே சொன்னார். வெட்கமாக இருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சின்னச் சின்ன மீன்கள் கரையோரம் வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போயின. அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் யாரோ, "என்ன அண்ணாச்சி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு" என்று கேட்டார்கள். "பாத்துட்டேன்" என்றார் தெய்வநாயகம். தான் அப்படிச் சொல்லப்போவது அந்த வார்த்தை வாயைத் தாண்டும்வரை அவருக்கே தெரியாது. "வயித்தப் புடிச்சுக்கிட்டு இருந்தா." பெஞ்சில் அவருக்கு இடம் ஒதுங்கியது. தோளில் கை போட்டார்கள். ஒருவன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டான், தனியாகப் படுக்காதீர்கள் என்று. ஒரு வாரம் அவர் தனியாக இல்லை. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் சொன்னேன், வேறெதற்கும் இல்லை, கோமதி, நீயே சொல், அது அவ்வளவு பெரிய குற்றமா? அந்தச் செய்தி சீனியம்மாள் காதுக்குப் போகும் என்று நான் நினைத்தேனா? போயிற்று. பார்த்தவர்களிலேயே படித்தவர், பொய் சொல்லாதவர், போலீஸுக்கே கையெழுத்துப் போடுகிறவர் என்று அவரைத்தான் அவள் நம்பினாள். இன்றைக்கு நாலு மணிக்கும் அவரை நம்பித்தான் வருகிறாள். பக்கத்தில் உட்காருவாள். கேமரா ஓடும். அவர் வயிற்றைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

மீன். அந்த மீன்களை ஏன் நினைத்தேன்? வேண்டாம் என்று தள்ளினாலும் நினைப்பு அங்கேயே போய்ச் சிக்குகிறது. அன்றைக்குச் சங்கரபாண்டி துணியைத் தூக்கியது தலைமாட்டில். மற்ற நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் திருப்பவில்லை, பிறை வரைகிற பெண் ஆயிற்றே என்று பார்த்துவிட்டார். வலது காது. கம்மல் போடுகிற இடத்தில் சதை கீழ்வரை கிழிந்து இரண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்மல் இல்லை. இடது காதில் கம்மல் இருந்தது, சின்னச் சிவப்புக் கல். "ஏட்டய்யா, காது" என்றார் தெய்வநாயகம். "மீன் கடிச்சிருக்கும் அண்ணாச்சி" என்று துணியை விட்டார் சங்கரபாண்டி. சரி என்றார் இவர். மீன் கடிக்கும்தான். ரெண்டு நாள் தண்ணியில் கிடந்த உடம்பை மீன் கடிக்காமல் விடுமா? ஆனால் கடித்தால் மூக்கைக் கடித்திருக்கும், உதட்டைக் கடித்திருக்கும், ஒற்றைக் காதை மட்டும் நேராகக் கிழிக்குமா? கம்மல் கழன்று அடியில் போயிருக்கலாம். யாராவது பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்தவன் எவன், சைக்கிளை என்ன செய்தான், இப்போது எந்தக் கடையில் உட்கார்ந்து இந்தப் பேய்க் கதையைக் கேட்டுத் தானும் வயிற்றைத் தொட்டுக்கொள்கிறான்? அல்லது ஒருவனும் இல்லை, மீன்தானா? பதினோரு வருஷமாக இதே இடத்தில் வந்து நின்று, மீன், ஆள், மீன், ஆள் என்று மாறி மாறிப் பார்த்தாகிவிட்டது. சங்கரபாண்டி போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்தக் காதைப் பார்த்து நினைவு வைத்திருப்பவன் இந்த உலகத்தில் இனி நான் ஒருத்தன்தான். கொன்றவன் ஒருத்தன் இருந்தால், அவனும் நானும். அந்தக் கணக்கு மனசுக்குள் விழுந்ததும் அவருக்கு வெள்ளைத் துணிக்குள் வேர்த்தது. எனக்குத் தெரிந்ததை அவனும் நானும் மட்டும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம், அவனுக்கு நான் இத்தனை வருஷம் துணை இருந்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, இன்னும் பத்து நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்த பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினான். "சீனியம்மா வருதாக." அவர் திரும்ப முடியாது, கண்ணாடியில்தான் பார்த்தார். சலூனுக்குள் பெண்கள் வருவதில்லை. அவள் படியோரம் ஒதுங்கி, முகத்தைப் பாதி தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். நல்ல சேலை. தலையைப் படிய வாரியிருந்தாள். கேமராவுக்காக அவளும்தான். "கடை பூட்டியிருந்துது. இங்க இருக்கியன்னு டீக்கடையில சொன்னாக. நாலு மணிக்கு அவுக முன்னால வச்சுக் கேக்கக் கூச்சமா இருக்கும், அதான் முன்கூட்டியே வந்தேன்" என்றாள்.

"சொல்லும்மா" என்றார்.

"அந்தத் தம்பி போன்ல சொன்னாக, ஒரு மிசின் வச்சு அவள்ட்ட பேசுவாகளாம். பேசுனா பதில் வருமாம். நான் கேட்டா வராது அண்ணாச்சி. அவ எங்கிட்ட சொல்லணும்னா அன்னைக்கே சொல்லியிருப்பால்லா. நீங்க அவளப் பாத்தவுக. நீங்க கேட்டா சொல்லுவா. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இப்பவும் வலி இருக்கா, இல்ல நின்னுட்டான்னு."

தெய்வநாயகத்துக்குப் பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. நின்றுவிட்டதாம் என்று சொன்னால் போதும். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, நின்னுட்டாம்மா, இப்ப நல்லாயிருக்காளாம் என்று ஒரு வரி. அவள் இன்றைக்கு ராத்திரி தூங்குவாள். இனி வெள்ளிக்கிழமை வெயிலில் நடக்க வேண்டாம். இதைவிட நல்ல காரியம் ஒன்றை அந்த ஊரில் யாரும் யாருக்கும் செய்துவிட முடியாது. சொல்லு. எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். முன்னால் சொன்னதும் இப்படித்தானே சுலபமாக இருந்தது, இதே மாதிரி இரக்கமாக, இதே மாதிரி உடனே. அந்த இரக்கத்தைத்தான் இவள் இத்தனை வருஷமாகச் சொம்பில் சுமக்கிறாள். மறுபடி ஒரு சொம்பா? ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் கையில் என்ன கொடுக்கிறேன்? வலி இல்லை என்று எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பேன்? பேர் தெரியாத ஒருவனையா, மீனையா? ஊர் என்ன செய்யும்? செல்வியம்மனைப் பொய் என்றவனுக்குப் பெஞ்சில் யார் இடம் விடுவார்கள்? தோளில் எவன் கை போடுவான்? எதிரே ஸ்டேஷன். பொய்யாக எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டால்? கேட்கட்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று இவள் கேட்டு? பேச்சிமுத்து ஏன் ரேடியோவை நிறுத்தினான்? கண்ணாடியில் அவள் இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள், அவசரப்படுத்தக் கூடாது என்று. கடவுளே, இவள் ஒரு தடவையாவது என்மேல் கோபப்பட்டிருக்கலாம். அவருக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது, டை நெடியால் வந்த தண்ணீர் இல்லை, நிஜமான அழுகை.

"வயித்துவலி கிடையாதும்மா" என்றார். கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாமல், உத்தரவை மீறி, நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். "அவளுக்கு வயித்துவலியே கிடையாது. நான்தான் எழுதினேன். ஏட்டு என்ன போடலாம்னு கேட்டாரு, பொம்பளைப் புள்ளைன்னா அப்படித்தான் போடுவோம், போட்டுட்டேன். நான் அவளப் பாக்கவும் இல்ல. குட்டைக்குப் போனேன், ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், யாரும் வரல. சும்மா சொன்னேன். உங்கிட்ட அவ மறைக்கலம்மா. நீ கவனிக்காம விடல. மறைக்கதுக்கு ஒண்ணுமே இல்ல."

பேச்சிமுத்துவின் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது. கருப்புச் சாறு ஒன்று தெய்வநாயகத்தின் நெற்றியிலிருந்து இறங்கி மூக்கோரம் வந்தது, துடைக்க யாரும் வரவில்லை. சீனியம்மாள் இப்போதுதான் முழு முகத்தையும் உள்ளே திருப்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். செருப்பைக் கழற்றி அடித்தால்கூட வாங்கிக்கொள்வதற்குத் தலையைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருந்தார். அவள் படியேறி, பெண்கள் வராத அந்தக் கடைக்குள் வந்து, அவருக்கு எதிரே நின்றாள். வெகுநேரம் அவர் வாயையே பார்த்தாள். அந்த வாயிலிருந்து இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"அப்ப எங்க வலிச்சுது எம் மவளுக்கு?" என்று கேட்டாள்.

"காதுல" என்றார் தெய்வநாயகம். "கம்மல் போடுத இடம். கிழிஞ்சிருந்துது. கம்மல் இல்ல. மீன் கடிச்சிருக்கும்னாரு ஏட்டு. எனக்கு அப்படித் தோணல. தோணலன்னு அன்னைக்கு நான் சொல்லல."

"எந்தக் காது?"

"வலது காது."

சீனியம்மாளின் கை மெல்ல எழுந்தது. தன் வலது காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.